தூரத்திலிருந்து தெரிகிற வெளிச்சம்

பேட்டரியோடு இணைக்கும் முன்பே அந்த விளக்குப் பட்டை எரிந்தது.

பளீரென்று அல்ல. அக்கா ஆர்லிஸின் கார் ஷெட்டில், உறைந்த ஏரியின்மேல் துளை போட்டு மீன் பிடிப்பதற்கான கூடாரத்தை விரித்து நிறுத்தி, அதற்குள் மண்டியிட்டு, கூரைக் கம்பியை ஒட்டி எல்.இ.டி பட்டையை மாட்டிக்கொண்டிருந்த வெர்லினுக்கு, தண்ணீரில் பால் கரைந்தாற்போல ஒரு வெளுப்பு அதன் நீளம் முழுக்க ஓடுவது தெரிந்தது. ஒயர் முனைகளைப் பார்த்தான். இரண்டும் தரையில், ஒன்றையொன்று தொடாமல் கிடந்தன. பட்டையைக் கையால் பொத்தினான். உள்ளங்கை ஈரமானது. கையை எடுத்தபோது வெளுப்பைக் காணோம்.

கடையில் கிடந்த சரக்கு, அவ்வளவுதான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, கையைப் பேண்டில் துடைத்துக்கொண்டான். ஈரம் போகவே இல்லை.

அவன் இந்த வெள்ளைப் பட்டையை வாங்கப் போகவில்லை. சிவப்புதான் கேட்டான். ஏரிக்கரைச் சாலையில் தூண்டிலும் இரைமீனும் விற்கிற கர்ட், கல்லாவுக்குப் பின்னாலிருந்து சிரித்தான்.

"சிவப்பா? நீ மீன் புடிக்கப் போறியா, இல்ல இருட்டறையில உக்காந்து போட்டோ கழுவப் போறியா?"

"சிவப்பு கண்ணக் கூசாது. பேட்டரியும் நிக்கும்."

"அதோட, பத்தடி தள்ளி நின்னாக்கூட எவனுக்கும் தெரியாது. நீ உன் துளைய யாருக்குக் காட்டியிருக்க, சொல்லு?"

கர்ட் விளையாட்டாகத்தான் சொன்னான். வெர்லினுக்குக் காது மடல் சுட்டது. அப்போது பக்கத்தில் நின்ற ஆர்லிஸ், கர்ட் எடுத்து வைத்த சிவப்பை ஒதுக்கிவிட்டு, இருந்ததிலேயே நீளமான, இருந்ததிலேயே பிரகாசமான வெள்ளைப் பட்டையை எடுத்து அவன் கையில் வைத்தாள்.

"இதப் போடுடா. ஏரிக்கு அந்தப் பக்கம் இருந்து பாத்தாலும் தெரியணும். லோவல் மாதிரி இன்னொருத்தர் வழி தெரியாம அலையக் கூடாது."

அவள் முகத்தைப் பார்த்து மறுக்க அவனால் முடியவில்லை. பார்க்கவே முடியவில்லை.

லோவல் அவளுடைய கணவன். போன பிப்ரவரியில் ஸ்கோக் ஏரியில் காணாமல் போனான். அன்று அவனும் வெர்லினும் தனித்தனிக் கூடாரம் போட்டிருந்தார்கள். சாயங்காலம் லோவல் இரைமீன் வாங்கக் கரைக்குப் போனான். அவன் திரும்புவதற்குள் காற்று எழுந்து, தரையில் கிடந்த பனியையெல்லாம் வாரி இறைக்க ஆரம்பித்தது. வெர்லினுக்கோ அன்று மீன் விடாமல் கடித்துக்கொண்டிருந்தது. வெளியே யாரோ "ஏய்!" என்று கூப்பிட்டார்கள். பனிவண்டியில் சுற்றிவந்து, எங்கே மீன் கடிக்கிறதோ அங்கே தங்கள் துளைகளைப் போடுகிற கும்பல் என்று நினைத்து விளக்கை அணைத்தான். மறுபடியும் கூப்பிட்டார்கள். மூன்றாவது தடவை அது லோவலின் குரல் என்று தெரிந்துவிட்டது.

அப்போது போட்டிருக்கலாம். கை ஸ்விட்சில்தான் இருந்தது. ஆனால் இப்போது போட்டால், இவ்வளவு நேரம் ஒளிந்துகொண்டு இருட்டில் உட்கார்ந்திருந்தது தெரிந்துவிடும். லோவல் அதை மதுக்கடையில் குளிர்காலம் முழுக்கச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பான். வெட்கமாக இருந்தது. இன்னொரு தடவை கூப்பிடட்டும், போடலாம் என்று இருந்தான்.

கூப்பிடவில்லை.

ஏப்ரலில் பனிக்கட்டி முழுக்க உருகிய பிறகும் உடல் கிடைக்கவில்லை. லோவல் கூப்பிட்டதை வெர்லின் யாரிடமும் சொல்லவில்லை. லோவலுக்காக நடந்த பிரார்த்தனைக்குப் பிறகு, சர்ச்சின் கீழ்க்கூடத்தில் ஊரே அவன் கையைப் பிடித்துக் குலுக்கியது. ராத்திரி முழுக்கத் தேடினானே மனுஷன் என்று சொல்லி, அவன் வீட்டுக்கும் உருளைக்கிழங்கும் இறைச்சியும் சேர்த்து வேகவைத்த ஹாட்டிஷைச் சுடச்சுடக் கொடுத்தனுப்பினார்கள். அவன் அதைச் சாப்பிட்டான்.

இன்று ஆர்லிஸும் கூட வந்தாள். லோவல் உட்கார்ந்த இடத்தில் ஒரு தடவையாவது தானும் உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்றாள்.

நாலரை மணிக்கே ஏரி இருட்டிக்கொண்டு வந்தது. காற்று துளியும் இல்லை. லோவலின் பழைய கூடாரத்தை ஸ்லெட்டில் இழுத்துப் போய் நிறுத்தி, இரண்டு துளை போட்டு, கேஸ் ஹீட்டரைப் பற்றவைத்து, ஸ்விட்சைத் தட்டியதும், மெல்லிய துணி நாலு பக்கமும் வெள்ளையாக விழித்துக்கொண்டது. நிழலென்று ஒதுங்க ஒரு மூலைகூட மிச்சமில்லை. தன் கைவிரலின் ரோமங்கள் தெரிந்தன. துளைக்குள் கறுப்புத் தண்ணீர் மூச்சுவிடுவது போல ஏறி இறங்குவது தெரிந்தது. அக்கா எப்போது தலை நிமிர்ந்தாலும் தன் முகம் அப்படியே அவளுக்குத் தெரியும் என்பதுதான் வெர்லினுக்குத் தாங்கவில்லை. தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு தூண்டில் நரம்பையே பார்த்தபடி இருந்தான்.

"நீ எவ்வளவு தேடினேன்னு எனக்குத் தெரியும்டா" என்றாள் ஆர்லிஸ். தெர்மாஸ் மூடியில் காப்பி ஊற்றி நீட்டினாள். "விரல் கறுத்துப் போற வரைக்கும் தேடின. கூடப் பொறந்தவன்னா நீதான்."

அவன் மூடியை வாங்கித் துளையோரம் வைத்தான்.

ஹீட்டரின் சீறல். வெகுதூரத்தில் பனிக்கட்டி குளிரில் இறுகி, பெரிய கம்பியைச் சுண்டினாற்போல ஒரு நீண்ட முனகலுடன் வெடித்து, அந்தச் சத்தம் அவர்கள் காலுக்கடியில் ஓடிக் கரையைத் தொட்டு அடங்கியது. அது வழக்கமான சத்தம். அதற்குப் பிறகு வந்தது வழக்கமானதல்ல. காய்ந்த பனியில் நடந்தால் நறுக், நறுக் என்று கேட்க வேண்டும். இது சொதசொதவென்று கேட்டது. ஈரத் துணியைத் தரையில் போட்டு, எடுத்து, மறுபடி போட்டாற்போல. கடுங்குளிரில், ஈரமென்று ஒன்று இருக்கவே முடியாத இடத்தில்.

ஆர்லிஸ் நிமிர்ந்தாள். "யாரோ வராங்கடா." அவள் முகம் மலர்ந்தது. "பாத்தியா? வெளிச்சத்தப் பாத்து வராங்க."

சொத். சொத்.

ஏரியின் நடுப்பக்கத்திலிருந்து வந்தது. அங்கே கூடாரம் கிடையாது. பாதை கிடையாது. பனிக்கட்டி பிளந்து மேடு தட்டிய இடம் மட்டும்தான். இரண்டு காலடி, பிறகு ஒரு இழுப்பு. நிற்கும். மறுபடியும் இரண்டு. டார்ச் வெளிச்சம் இல்லை. மூச்சிரைப்பும் இல்லை.

ஹீட்டரின் வாடையைத் தாண்டி வேறொரு வாடை வந்தது. ஏரியின் அடிச்சேறு. அழுகிய பாசி.

சொத்.

துணிக்கு வெளியே, கைக்கெட்டும் தூரத்தில்.

வெர்லின் யோசிக்கவில்லை. கை தானாகப் போனது.

இருட்டு.

காலடி நின்றது. பிறகு சுற்ற ஆரம்பித்தது. இடப்பக்கம். பின்பக்கம். விலகிப் போய்த் திரும்பி வந்தது. எதையோ தொலைத்துவிட்டுத் தேடுவது போல. கண் தெரியாதவர்கள் நடப்பது போல.

"ஏன்டா அணைச்ச?" ஆர்லிஸின் குரல்.

அவன் ஸ்விட்சின் மேல் கையை வைத்தபடி வெளியே காது கொடுத்தான்.

"வெர்லின். யாரோ வராங்கன்னு சொன்னேன். ஏன் அணைச்ச?"

வெளியே காலடி தூரமாகப் போய்க்கொண்டிருந்தது. இன்னும் கொஞ்சம் பொறுத்தால் போதும். அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டான். இருட்டில் அக்கா அசையாமல் இருந்தாள். அவள் யோசிப்பது அவனுக்குக் கேட்டது.

"அன்னைக்கும் நீ அணைச்சியா?"

அவன் விரல்கள் ஸ்விட்சை இன்னும் இறுக்கின.

"அவர் கூப்பிட்டாரா?"

"ஆமாக்கா."

"உனக்குக் கேட்டுச்சா?"

"கேட்டுச்சுக்கா."

அவள் அழவில்லை. அடிக்கவில்லை. அதைவிட அடித்திருக்கலாம். அவள் கை அவன் மடியைத் தாண்டி, அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, ஸ்விட்சைத் தட்டியது.

வெளிச்சம்.

தூரத்தில் போன காலடி நின்றது. திரும்பியது. இப்போது தயக்கம் இல்லை. நேராக வந்தது.

"அக்கா, வேணாம். அக்கா."

"கைய எடுடா."

அவள் ஜிப்பை அவிழ்த்தாள். குளிர் உள்ளே விழுந்தது. அதன் பின்னால் எதுவோ குனிந்து நுழைந்தது. காலடியில் பனிக்கட்டி நெரிந்தது. வெர்லின் அதன் பூட்ஸை மட்டும் பார்த்தான். அதற்கு மேல் கண்ணை உயர்த்தவில்லை. நாடா அவிழ்ந்து, அவிழ்ந்தபடியே உறைந்திருந்தது. துணிமடிப்பிலிருந்து தண்ணீர் சொட்டியது. சொட்டியது உறையவில்லை.

"தள்ளி உக்காரு" என்றாள் ஆர்லிஸ். வீட்டில் சாப்பாட்டு மேசையில் சொல்கிற அதே குரல். "அவருக்கு இடம் விடு."

அவன் தள்ளி உட்கார்ந்தான்.

பெஞ்ச் பாரத்தில் முனகியது. தோளோடு தோள் ஒட்டியது. அந்த ஈரம் அவன் கோட்டைத் தாண்டி, சட்டையைத் தாண்டி, தோலில் பரவியது. ஆர்லிஸ் எதிரே மண்டியிட்டாள். கையுறைகளைக் கழற்றிவிட்டு, அந்த முகத்தை இரண்டு உள்ளங்கையிலும் ஏந்திக்கொண்டாள். இமைகளைப் பனிக்கட்டி மூடி ஒட்டியிருந்தது. அவள் அதன்மேல் வாயை வைத்து ஊதினாள். வெந்நீர் போலச் சூடான மூச்சு.

"மெதுவா. மெதுவா. அவசரமே இல்ல."

வெள்ளை வெளிச்சத்தில் எல்லாமே தெரிந்தது. பனிக்கட்டியில் ஒரு கீறல் விட்டது. இன்னொன்று. ஒரு சிறு சில்லு உதிர்ந்து அவன் முழங்காலில் விழுந்தது.

ஒரு கண் திறந்தது.

அது அவளைப் பார்க்கவில்லை.