அதிராத இருக்கைகள்

காபியைக் கொட்டியது நான்தான். அதில் யாருக்கும் சந்தேகம் வர வழியில்லை, அரங்கமே பார்த்தது. மேடையில் வெறும் டம்ளரை வைத்துக்கொண்டு குடிப்பதுபோல் நடித்தால் போதும் என்று பொற்கொடி எத்தனையோ முறை சொல்லியிருந்தாள். நான்தான் தத்ரூபமாக இருக்க வேண்டும் என்று அடம்பிடித்தேன். தத்ரூபமாகவே நடந்தது. கம்பளத்தில் கால் இடறி நான் டபராவோடு விழ, காபி மேடையோரத்துச் சாம்பல் நிறப் பெட்டியைக் குளிப்பாட்டிவிட்டு, முன்வரிசையில் இருந்த அரங்க உரிமையாளர் நாச்சியப்பனின் வெள்ளை வேட்டியில் போய் நின்றது.

எங்கள் இரட்டையர் நகைச்சுவைத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் தடுமாறினால் மற்றவர் அதைத் தன் தலையில் எடுத்துப் போட்டுக்கொள்ள வேண்டும். பொற்கொடி யோசிக்கவே இல்லை.

“ஏன்யா சூசை, முன்வரிசைக்கு மட்டும் ஊத்துற? பின்னாடி இருக்கறவங்க மனுசங்க இல்லையா? எல்லாருக்கும் சமமா ஊத்துய்யா!”

நல்ல ஜோக். யாரும் சிரிக்கவில்லை.

அந்த மௌனத்தின் பொருள் திருச்சியில் பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். ஒவ்வோர் அரங்கிலும் இருக்கையின் முதுகில் சிரிப்பூட்டி இருக்கிறது. சிரிக்க வேண்டிய இடத்தில் முதுகுத்தண்டில் ஒரு சின்ன அதிர்வு வரும், சிரிப்போம். ஒரு காலத்தில் மக்கள் சிரிக்கக்கூடாத இடங்களில் சிரித்துத் தொலைத்தார்களாம். அதற்குப் பிறகு ஒத்திசைவுத் துறை இந்த ஏற்பாட்டைச் செய்தது. இப்போது அதிர்வு இல்லாமல் சிரிக்க முக்கால்வாசிப் பேருக்குத் தெரியாது, தெரிந்தவர்களுக்குத் துணிச்சல் இல்லை.

சிவப்புச் சாய்வு, அதாவது கம்யூனிச அனுதாபம் இருப்பதாகச் சந்தேகம் விழுந்த கலைஞர்களுக்கு அதிர்வு வராது. கைது, விசாரணை, உத்தரவு எதுவும் கிடையாது. அவர் பேசுவார், சபை பார்க்கும், அவ்வளவுதான். பிறகு வேலை தானாக நின்றுவிடும். உழைப்பவர்களைப் பற்றி ஒரு வரி பாடிய பாடகர் ஒருவர் இப்போது மின்தூக்கிகளுக்குத் தளம் சொல்லும் குரலாக இருக்கிறார். மூன்றாம் தளம் என்று அவர் சொல்லும்போது கேட்பவருக்கு அழுகை வரும்.

நகைச்சுவைக்காரனுக்கு இதில் கூடுதல் அவஸ்தை. சபை சிரிக்காதது தடையாலா, ஜோக் மட்டம் என்பதாலா என்று கண்டுபிடிக்கவே முடியாது. என் வரையில் இரண்டாவது காரணத்தை நான் என்றும் ஒதுக்கியதில்லை. ஆனால் அன்று மீதி நிகழ்ச்சி முழுக்க ஒரு செருமல்கூட இல்லை. அது என் திறமைக்கும் மீறிய மௌனம்.

ஒப்பனை அறையில் பொற்கொடி பொட்டை எடுக்க முயன்றாள். அவசரமாகத் தேய்த்ததில் அது நெற்றியிலேயே இழுபட்டுச் சிவப்புக் கோடானது.

“‘சமமா’ன்னு சொன்னேன்ல?”

“காபியைத்தானே சொன்ன?”

“காபியில ஆரம்பிச்சுதான் எல்லாம் போகும்னு சொல்லுவாங்க.” கோட்டை அழுத்தித் துடைத்தாள். “பொங்கலுக்கு என் தனிமேடை இருக்குடா. பதினஞ்சு வருசமா உன்னோட இடறலுக்கெல்லாம் ஜோக் சொல்லிச் சொல்லி இப்பதான் எனக்குன்னு ஒரு மேடை கெடைச்சுது.”

அடுத்த வாரம் தஞ்சாவூர் நிகழ்ச்சி தள்ளிப்போனது. பிறகு கரூர். காரணம் கேட்டால் ஒருவருக்கு மழை, ஒருவருக்கு மாமியார். நாச்சியப்பனை அவர் அரங்க வாசலிலேயே மடக்கினேன்.

“அண்ணே, எங்க மேல தடை விழுந்திருச்சா?”

“என்னப்பா இது, வேட்டி கறை நல்லாவே போயிருச்சு.”

“நான் கேட்டது தடையை.”

“அட, வெள்ளை வேட்டின்னா அப்படித்தான்,” என்று சொல்லிக்கொண்டே உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அதற்குள் தெருவை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டார்.

பொற்கொடி பயத்தில் மெலிந்தாள். வீட்டிலிருந்த சிவப்புச் சேலைகளை யார் யாருக்கோ கொடுத்தாள். கருப்புப் பொட்டுக்கு மாறினாள். ஒரு நாள் அவள் வீட்டில் சாப்பிட்டபோது குழம்பு வெள்ளையாக இருந்தது. மிளகாய்த்தூளையும் நிறுத்தியிருந்தாள். சிரிப்பதற்காக வாயைத் திறந்தேன், அவள் முகத்தைப் பார்த்ததும் திறந்த வாயில் சோற்றைப் போட்டுக்கொண்டேன். வாசலில் ஏதாவது வண்டி நின்றால் அவள் கை தட்டிலேயே நின்றது. பொங்கல் மேடையைப் பற்றி அவள் பேசவே இல்லை. நான் பேசினாலும், “மெதுவா” என்றாள்.

மறுநாள் ஒத்திசைவுத் துறை அலுவலகத்துக்குப் போனேன். அழைக்காமல் அங்கே யாரும் போவதில்லை என்று காவலாளியின் முகமே சொன்னது. அவருக்கு ஒரு வணக்கம் போட்டுவிட்டு உள்ளே போனேன்.

துணை அதிகாரியின் பெயர் முகிலரசி. என் தங்கை வயதுதான் இருக்கும். மேசையில் பதிவுக்கருவியின் பச்சை விளக்கு எரிந்தது.

“சொல்லுங்க சார்.”

“அந்த ஜோக் என்னோடது மேடம். பொற்கொடி சும்மா வாயசைச்சா. எழுதிக் குடுத்தது நான்.”

“எந்த ஜோக்?”

“காபி ஜோக். எல்லாருக்கும் சமமா ஊத்துன்னு.” ஆரம்பித்த பிறகு நிறுத்த முடியவில்லை. பொதுவுடைமை பற்றி எனக்குத் தெரிந்தது, மேடைக்குப் பின்னால் ஒரே சீப்பை இரண்டு பேர் பயன்படுத்துவது மட்டும்தான். ஆனாலும் மேடைப் பழக்கம் கைகொடுத்தது. “எங்கப்பா பட்டறைத் தொழிலாளி. சங்கத்துல இருந்தவரு. சின்ன வயசுலேருந்தே எனக்கு அந்தச் சாய்வு உண்டு. ஜோக்குல ஒளிச்சு வச்சுச் சொல்லுவேன். அவளுக்கு எதுவும் தெரியாது. அவ பயந்த பொம்பளை, மேடம். குழம்புலகூட காரம் போடறதில்ல.”

அப்பா உண்மையில் கேக் கடை வைத்திருந்தார். மன்னிப்பாராக.

முகிலரசி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் தெம்பாக இருந்திருக்கும்.

“இதெல்லாம் நீங்களாவே வந்து சொல்றீங்க?”

“ஆமா. அவளோட சிரிப்பைத் திருப்பிக் குடுத்துடுங்க. பொங்கலுக்கு அவளுக்குத் தனிமேடை இருக்கு.” நாற்காலியின் நுனிக்கு நகர்ந்தேன். “ஒரே ஒரு கேள்வி மேடம். யாரைக் கேட்டாலும் வேட்டி, மழைன்னு பேசறாங்க. நீங்களாவது நேரா சொல்லுங்க. எங்க மேல தடை இருக்கா, இல்லையா?”

அவர் பதிவுக்கருவியை அணைத்தார். பச்சை விளக்கு போனதும் அறை இன்னும் சின்னதாகிவிட்டதுபோல் இருந்தது.

“அன்னைக்கு மேடையோரமா ஒரு சாம்பல் கலர் பெட்டி இருந்துச்சில்ல?”

“இருந்துச்சு.”

“அதுலேருந்துதான் எல்லா சீட்டுக்கும் அதிர்வு போகும். அதுலதான் நீங்க காபியை ஊத்தினீங்க. பெட்டி புகைஞ்சு போச்சு. மறுநாள் காலையிலயே மாத்திட்டோம்.”

“அப்போ தடை?”

“உங்க ரெண்டு பேர் மேலயும் இருந்ததே இல்ல. சபை தானா பயந்துச்சு. அரங்கக்காரங்க தானா நிறுத்தினாங்க. யாராவது ஒருத்தர் வந்து கேட்டிருந்தா சொல்லியிருப்போம். யாரும் கேக்கறதில்ல.”

எனக்குச் சிரிப்பு வந்தது. நாற்காலி அதிரவில்லை, ஆனாலும் வந்தது. சத்தமாகவே சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. அணைத்து வைத்திருந்த பதிவுக்கருவியைப் பார்த்தார். என் சிரிப்பு பாதியில் நின்றது.

“இப்போ மேடம்?”

“அந்தம்மா பொங்கலுக்குத் தைரியமா மேடை ஏறட்டும். சபை சிரிக்கும்.” முகிலரசி ஒரு கணம் கண்ணைத் தாழ்த்தி, பிறகு என்னை நேராகப் பார்த்தார். “தடை இப்போ இருக்கு சார். உங்க மேல மட்டும்.”