பம்பாய் போய்வந்த மிருதங்கம்

இப்போதெல்லாம் ஆட்கள் வந்த காரியத்தை வாய் திறந்து சொல்வதில்லை. மழை வருமா என்று கேட்பார்கள், கடலை விலை கேட்பார்கள், காப்பியைக் குடித்துவிட்டு டம்ளரை உருட்டிக்கொண்டே இருப்பார்கள். கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டு, "ஒரு சின்ன விஷயம்" என்பார்கள். அந்தச் சின்ன விஷயம் ஒரு வண்டிச் சுமை இருக்கும். சுருளிவேலுக்கு இந்தப் புத்தி அறவே ஆகாது.

மறையூர் சந்தனக் காட்டில் முப்பத்திரண்டு வருஷம் காவல் காத்தவர் அவர். பள்ளிக்கூடம் மூன்றாம் வகுப்போடு சரி. எதிரில் நிற்பவன் என்ன சொல்கிறான் என்பதைவிட அவன் கை என்ன செய்கிறது என்றுதான் பார்ப்பார். வேலை முடிந்து கொழிஞ்சாம்பாறையில் மகள் வீட்டோடு வந்து தங்கிய பிறகும், ஆட்டைக் காணோம், அண்டாவைக் காணோம் என்று அவரைத் தேடி யாராவது வந்துகொண்டே இருந்தார்கள்.

அன்று வந்தவன் சென்னிமலை. பெருமாட்டி ரோட்டில் தோட்டம் வைத்திருப்பவன், பஜனைக் கோஷ்டியில் மிருதங்கம் வாசிப்பவன். கடலைத் தோல் உரித்துக்கொண்டிருந்த சுருளிவேல் நிமிராமலே கேட்டார்.

"மழையப் பத்திப் பேசவா ரெண்டு மைல் நடந்து வந்தீரு? சொல்லுமய்யா."

"எம்பட மிருதங்கத்த எவனோ கெடுத்துப்போட்டானுங்க. ஆகாசத்துல போன மிருதங்கமுங்க."

"ஆகாசத்துலயா?" என்று அடுத்த வீட்டு வாசலிலிருந்து ஒரு குரல் வந்தது. முறத்தைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள் கத்தரீனாள். மூணாறு எஸ்டேட் ஆஸ்பத்திரியில் இருபது வருஷம் நர்ஸாக இருந்தவள். சுருளிவேல் துப்புத் துலக்கக் கிளம்பினால் அவளும் கிளம்பிவிடுவாள். வரவேண்டாம் என்று சொல்லிச் சொல்லி அவருக்கு அலுத்துவிட்டது.

சென்னிமலை சொன்னான். ராமநவமிக்கு வந்து பாடும்படி பம்பாயில் இருக்கும் பாலக்காட்டுக்காரர்கள் நாலு விமான டிக்கெட் அனுப்பியிருந்தார்கள். பாட்டுக்கு ஒருவர், ஜால்ராவுக்கு ஒருவர், ஆர்மோனியத்துக்குக் குப்பண்ணன், மிருதங்கத்துக்குச் சென்னிமலை.

"மடியில வச்சுக்கறேன்னு கெஞ்சினனுங்க. கோயமுத்தூர் ஏரோட்ரோம்ல கேக்கலீங்க. எடை போட்டு, சீட்டு ஒட்டி, வயித்துக்குள்ள போட்டுட்டாங்க."

"யாரு வயித்துக்குள்ள?" என்றாள் கத்தரீனாள்.

"ஏரோப்பிளேன் வயித்துக்குள்ளீங்க அக்கா."

மேலே குளிர் அதிகம், இழுத்துப் பிடித்த தோல் தாங்காது என்று விவரம் தெரிந்த ஒருவர் முன்பே எச்சரித்திருந்தார். ஆகவே முந்தின நாள் மத்தியானமே விளிம்பைக் கல்லால் தட்டிச் சுருதியை இறக்கிவிட்டான். இடது பக்கத்துக்குத் தொப்பி என்று பெயர். கனமான நாதம் வர அதன் நடுவில் ரவையைத் தண்ணீர் விட்டுப் பிசைந்து ஒட்டுவார்கள், வாசித்து முடிந்ததும் சுரண்டி எடுத்துவிடுவார்கள். அதையும் சுரண்டித் துடைத்தான். பெட்டியில் வைத்துப் பூட்டிக் கயிறு போட்டுக் கட்டினான்.

"பம்பாயில தெறந்தா சுருதி ஏத்தியிருக்குது. தொப்பியில ரவை காஞ்சு கெடக்குது. வலது பக்கத் தோலு குறுக்க கிழிஞ்சுபோச்சுங்க. எரவல் மிருதங்கத்துல மானத்தக் காப்பாத்தினேன்."

"யாரச் சந்தேகப்படுதீரு?"

"குப்பண்ணந்தானுங்க. பொள்ளாச்சியில தையக்கடை வச்சிருக்கறான். வெடியால கார் ஏறோணும்னு முந்தின நாள் பொழுதோட எங்க ஊட்டுக்கு வந்தான். அந்நேரம் நாங்கெல்லாம் மாரியம்மன் கோயிலுக்குப் போயிருந்தோம். அவன் மச்சான் மிருதங்கம் அடிக்கறவன். அவனச் சேத்துக்கோன்னு ரெண்டு தடவ கேட்டான், நான் முடியாதுன்னுட்டேன். அடுத்த மாசம் மறுபடி பம்பாயில கூப்பிட்டிருக்கறாங்க. அதுக்குள்ள குப்பண்ணனக் கோஷ்டிய விட்டுத் தள்ளிரோணும்னு இருக்கறோம்."

"எத்தன வருசமா இருக்கான்?"

"பதினாறு வருசமுங்க." சொல்லும்போது அவன் குரல் கொஞ்சம் இறங்கியது.

"அந்நேரம் வீட்டுல வேற யாரு?"

"எங்கண்ணன் பொங்கியண்ணன். மோட்டார் ரூம்ல இருந்தேன், ஒண்ணுங் காதுல உழுகலைன்னு சொல்றாருங்க. முன்னால அவருதான் மிருதங்கம். மாட்டுக் கவுறு சுத்தி ரெண்டு வருசமா வலது கை வெரல் மடங்காது. அதுக்கப்புறந்தான் நான் வாசிக்கறேன்."

சுருளிவேல் கடலைத் தோலை ஊதித் தள்ளினார். "பம்பாயில கயித்த அவுத்தது யாரு?"

"நாந்தானுங்க. எம்பட முடிச்சேதான் இருந்துச்சு. கெணத்துல தண்ணி எறைக்கற சாலுக்கு எங்கப்பன் போடற முடிச்சு. அதுதான் எனக்கும் வெளங்கலீங்க."

"சாவி?"

"கதவோரம் ஆணியில தொங்கும்."

சுருளிவேல் எழுந்து துண்டை உதறினார். குப்பண்ணனுக்கு ஆள் அனுப்பச் சொல்லிவிட்டு நடந்தார். கத்தரீனாள் வீட்டைப் பூட்டிவிட்டுப் பின்னாலேயே ஓடினாள்.

தோட்டத்து வீட்டில் மிருதங்கம் பெட்டிக்குள் அப்படியே இருந்தது. சுருளிவேல் குனிந்து பார்த்தார். தொப்பியின் நடுவில் ரவை காய்ந்து வெடித்திருந்தது. நகத்தால் தொட்டுப் பார்த்தார். நன்றாகப் பிசைந்து, விரலால் ஓரம் வழித்து, வட்டமாக வைத்த ரவை.

பொங்கியண்ணன் மோர் கொண்டுவந்தார். அறுபதை நெருங்கும் மனிதர், பேச்சுக் குறைவு. செம்பை இடது கையால் நீட்டினார். வலது கை துண்டுக்குள் இருந்தது.

"கையக் காட்டுங்க, பாப்போம். நா ஆஸ்பத்திரியில இருந்தவ" என்று கத்தரீனாள் உரிமையாகத் துண்டை விலக்கினாள். விரல்கள் துவண்டு கிடந்தன. அவள் கட்டைவிரலின் அடிச்சதையை ஒரு தரம் அமுக்கிப் பார்த்தாள். பிறகு சுருளிவேலின் காதோரம் வந்தாள்.

"அண்ணாச்சி, ரெண்டு வருசம் சும்மா கெடந்த கை சூம்பிப்போயிருக்கும்லா? இது கொழுக்கட்ட மாதிரி இருக்கு."

"வாய மூடிக்கிட்டு மோரக் குடி."

பொங்கியண்ணனின் மனைவி மருதாத்தாள் அடுப்படி நிலைப்படியில் நின்று இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். யாரும் எதுவும் கேட்காமலே முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். சுருளிவேல் அதையும் பார்த்துவைத்தார்.

பொள்ளாச்சி பஸ்ஸில் குப்பண்ணன் வந்து இறங்கும்போது வெயில் சாய்ந்திருந்தது. கழுத்தில் அளவு டேப்பு தொங்கியது. அதைக் கழற்றக்கூடத் தோன்றாமல் வந்திருந்தான். சென்னிமலை முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"அன்னைக்கு வந்தப்ப என்ன பாத்தே, என்ன கேட்டே? ஒண்ணுவிடாமச் சொல்லு" என்றார் சுருளிவேல்.

"முன்னயே இவங்கிட்டச் சொன்னேனுங்க, பொய்யிங்கறான். நான் வேலியோரம் வாரப்பவே மிருதங்கச் சத்தம் கேட்டுது. இவந்தான் வாசிக்கறான்னு ஆர்மோனியப் பொட்டியத் தலையில வச்சுக்கிட்டே நின்னுட்டனுங்க. இவங்கையில அப்பிடியொரு வாசிப்பு நான் கேட்டதேயில்ல. கழுத்து வலிக்கவும் வாசல்ல வந்து கூப்பிட்டேன். சத்தம் சட்டுனு நின்னுபோச்சு. ரொம்ப நேரங் கழிச்சுப் பெரியவரு பின்பக்கத்துல இருந்து வந்து, தம்பி கோயிலுக்குப் போயிருக்கறான்னாரு. இவன் பின்வாசல் வழியாப் போயிட்டானாக்கும்னு நெனச்சேன்."

"நான் கோயில்ல நின்னத ஊரே பாத்துது!" என்று கத்தினான் சென்னிமலை.

"அதச் சொல்லத்தான் வந்திருக்கேன், கத்தாதேயும்" என்ற சுருளிவேல், பெட்டியின் மேல் கிடந்த கயிற்றை எடுத்துக் குப்பண்ணனிடம் போட்டார். "இந்தப் பெட்டியக் கட்டு."

குப்பண்ணன் கட்டினான். தையல்காரன் நூலுக்குப் போடுவதுபோல் சின்னதாக ஒரு முடிச்சு விழுந்தது. சுருளிவேல் ஒரு விரலால் இழுத்தார், அவிழ்ந்துவிட்டது. சென்னிமலையைக் கட்டச் சொன்னார். அவன் இரண்டு கையிலும் இரண்டு முனையைச் சுற்றி, ஒரே நேரத்தில் வெட்டி இழுத்தான். முடிச்சு கல்லாக நின்றது.

சுருளிவேல் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்தார். எல்லாரையும் உட்காரச் சொன்னார். பொங்கியண்ணன் மட்டும் தூணில் சாய்ந்து நின்றார்.

"கெடுக்கணும்னு வந்தவன் ஊசியால ஒரு குத்துக் குத்திட்டுப் போயிருவான். உக்காந்து ரவை பெசஞ்சு, கல்லால தட்டித் தட்டிச் சுருதி சேத்துக்கிட்டா இருப்பான்? வந்தவன் வாசிக்க வந்தவன். வாசிச்சுக்கிட்டு இருக்கையில வாசல்ல ஆள் சத்தம். பதறிப்போனான். ரவையச் சுரண்டல, சுருதிய எறக்கல, அப்பிடியே உள்ள வச்சு, பூட்டிக் கட்டிட்டான். ஏத்தின சுருதியோட மேல போயி, குளிருல தோல் கிழிஞ்சுபோச்சு. ஏரோப்பிளேன்காரன் மேல தப்பில்ல."

"அப்பக் குப்பண்ணன்..." என்று தொடங்கினாள் கத்தரீனாள்.

"பொறு தாயி. குப்பண்ணனுக்கு இந்த முடிச்சு வரல, பாத்தீங்க. இந்த முடிச்சுப் போட்டவன் இவுக அப்பன்கிட்டக் கத்துக்கிட்டவன். அதுக்கு ரெண்டு கையும் நல்லா இருக்கணும்." சுருளிவேல் பொங்கியண்ணனைப் பார்க்காமல் கயிற்றையே பார்த்தார். "இந்த வீட்டுல அப்பிடி இருக்கிறது சென்னிமலை ஒருத்தர்தான். அவரு கோயில்ல நின்னத ஊரே பாத்துது. இன்னொருத்தருக்குக் கை செத்துப்போச்சுங்கறாக. அப்ப நா சொன்னதெல்லாம் தப்பு. குப்பண்ணன்தான் செஞ்சிருக்கணும். தள்ளிவைக்கதுன்னா வச்சுக்கோங்க."

குப்பண்ணன் கழுத்திலிருந்த டேப்பைக் கழற்றினான். அதைச் சுருட்டத் தொடங்கினான். அது கோணல்மாணலாகவே சுருண்டது.

தூணோரம் நின்றவர் துண்டை உதறினார். பொங்கியண்ணன் வந்து பெட்டியின் முன் குந்தி உட்கார்ந்து, தம்பி போட்ட முடிச்சை அவிழ்த்தார். பிறகு இரண்டு முனையையும் இரண்டு கையில் சுற்றி வெட்டி இழுத்தார். அதே முடிச்சு.

"குப்பண்ணன ஒண்ணுஞ் சொல்லாதீங்க" என்றார். "தோல் கிழிஞ்சது என்னாலதான்."

சென்னிமலை எழுந்தான், மறுபடி உட்கார்ந்தான். "எப்பிருந்துங்கண்ணா?"

"போன ஆடியில வெரல் மடங்கிருச்சு."

"ஏன் சொல்லலை?"

மருதாத்தாள்தான் பதில் சொல்ல அடுப்படியிலிருந்து வெளியே வந்தாள். "ஏனா? உம்பொண்டாட்டி செல்லாத்தா செத்தப்புறம் ஏழு மாசம் நீ அந்தக் கட்டில விட்டு எந்திரிச்சியா? ஊட்டி உட்டாத்தான் வாயத் தெறப்பே. உங்கண்ணன் கை கெட்டு, அந்த மிருதங்கம் உங்கைக்கு வந்தப்புறந்தான கொழம்புல உப்பில்லைன்னு கத்தினே? அன்னைக்கு இவரு அழுதாரு. கை சரியாச்சுன்னு சொன்னா நீ திருப்பிக் குடுத்துப்போடுவே, மறுபடி படுத்துக்குவேன்னு பயம். எங்கிட்டயும் சொல்லல. ஆனா தூக்கத்துல கட்டில் சட்டத்துல தாளம் போடறாரு சாமி, ரெண்டு கையிலயும். நான் எத்தன நாள் செவிடியா இருப்பேன்?"

பொங்கியண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். "அவ்வளவு தூரம் போகுதே, சுருதி நிக்குதான்னு ஒருக்காப் பாத்துப்போடலாம்னுதான் தெறந்தேன். கை வச்சேன். அப்புறம் எடுக்க முடியல கண்ணு."

சென்னிமலை குப்பண்ணன் பக்கம் திரும்பி, அவன் கையிலிருந்து டேப்பை வாங்கி ஒழுங்காகச் சுருட்டிக் கொடுத்தான்.

"அடுத்த மாசம் நீங்க போறீங்கண்ணா" என்றான்.

"அந்தத் தகர டப்பாவுல எவன் ஏறுவான்? எனக்கு ஏரோப்பிளேன்னாலே பயம். நீயே போ."

"செரி, நானே போறேன். ஆனா குப்பண்ணன் அன்னைக்குக் கேட்டத நானும் கேக்கோணும். அவனுக்குக் கழுத்து வலிக்கற அளவுக்கு."

"தோல் கிழிஞ்சு கெடக்குதேடா."

"பொட்டி இருக்குது."

அவன் மிருதங்கத்தை வெளியே எடுத்து வைத்துவிட்டு, வெறும் பெட்டியை அண்ணன் மடி அருகே தள்ளினான். பொங்கியண்ணன் தயங்கித் தயங்கி ஒரு விரலால் தட்டினார். பிறகு நாலு விரல். பிறகு இரண்டு கை. குப்பண்ணன் கண்ணை மூடிக்கொண்டு, "இதுதான், இதேதான்" என்றான். சென்னிமலை பத்து வயசுப் பையன்போல் சம்மணமிட்டு, அண்ணன் கையையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தான்.

சுருளிவேல் சொல்லிக்கொள்ளாமல் எழுந்து வெளியே வந்தார். கத்தரீனாள் மூக்கைச் சிந்திக்கொண்டே பின்னால் வந்தாள்.

"எப்பேர்ப்பட்ட மனுசன், பாத்தீங்களா அண்ணாச்சி?"

"பாத்தேன். முடிச்சு யாருதுன்னு தெரிஞ்சுது. வாசிச்ச கை யாருதுன்னு தெரிஞ்சுது. ஆனா ஒருத்தன் தனக்குப் பேரு வாங்கிக் குடுத்ததத் தானே எடுத்துத் தம்பி கையில வச்சுட்டு, முக்கா வருசம் வாயப் பொத்திக்கிட்டு இருந்தான்னா..." அவர் தலையை ஆட்டினார். "இல்ல தாயி. இதுல இன்னும் ஏதோ இருக்கு."

"அன்பு இருக்கு."

"அப்பிடித்தான் எல்லாரும் சொல்லுவாக. தோட்டம் பாகம் பிரிச்சாச்சா, கேட்டியா?"

"அடப் போங்க அண்ணாச்சி. பாகம் பிரிச்சா மிருதங்கத்தையா குடுப்பாக? அவருக்கு ஏரோப்பிளேன் பயமாம்லா, அதுவாவது நம்புதீங்களா?"

"அறுபதடிக் கெணத்துக்குள்ள எறங்கித் தூரு வாருற தோட்டக்காரனுக்கு ஏரோப்பிளேன்ல என்ன பயம்? அதுவும் பொய்."

"அதுவும் தம்பிக்காகச் சொன்ன பொய்தான்."

வேலிக்கு உள்ளே தாளம் வேகம் பிடித்திருந்தது. ரோட்டோரம் புல் சுமந்து போன இரண்டு பெண்கள் சுமையை இறக்காமலே நின்று கேட்டார்கள். பஸ் இதோ வந்துவிடும், நில்லுங்கள் என்றாள் கத்தரீனாள். இதோ வரும் என்று யார் சொன்னது என்று கேட்டுவிட்டு, சுருளிவேல் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, கொழிஞ்சாம்பாறையைப் பார்த்து நடக்கத் தொடங்கினார்.