நூற்றைம்பத்தொரு வருடக் குத்தகை

சாட்சிக் கையெழுத்துப் போட வந்த கெல்வின் பேனாவை வைத்துக்கொண்டு தயங்கியபோது, உள்ளறையில் யாரோ இருமினார்கள்.

மேசைக்கு எதிரே உட்கார்ந்திருந்த க்ளிஃபர்ட் ஹாஸலுக்கும் அது கேட்டது. அடித்தொண்டையில் தொடங்கி, இழுத்து, ஒரு சின்ன முனகலில் முடிகிற ஈரமான இருமல். பதினோரு வருடம் பக்கத்துத் தலையணையிலிருந்து அதைக் கேட்டவர் அவர். அந்த இருமலுக்கு உரியவளான அவர் மனைவி பெரில் இறந்து ஏழு மாதம் ஆகியிருந்தது.

கெல்வினுக்கு அது தெரியாது. பஸ் ஓட்டுகிறவன், கீழ்த்தளத்துக்குக் குடிவந்து மூன்று வாரம்தான். பத்திரத்தில் கணவன், மனைவி இருவருமே ஏற்கெனவே கையெழுத்துப் போட்டிருப்பதைப் பார்த்துவிட்டு, "அவங்க போடறத நான் கண்ணால பாக்கணும்ல, மிஸ்டர் ஹாஸல்?" என்று அப்போதுதான் கேட்டிருந்தான். க்ளிஃபர்ட் பதில் தேடிக்கொண்டிருக்கும்போதே இருமல் வந்துவிட்டது.

"பாவம், படுத்திருக்காங்களா? எழுப்பாதீங்க," என்று குரலைத் தாழ்த்திச் சொல்லிவிட்டு, கெல்வின் கையெழுத்திட்டுக் கீழே போனான்.

க்ளிஃபர்ட் எழுந்திருக்கவில்லை. நவம்பர் மாதத்து வெளிச்சம் நாலு மணிக்கே இங்கிலாந்தின் ஹேஸ்டிங்ஸ் கடல்மேலிருந்து வடிந்துபோக, கடற்பறவைகளின் கத்தலும் கீழே சாலையில் ஈரத்தைக் கிழித்துக்கொண்டு போகும் கார்களின் சத்தமும் மெல்ல அடங்க, மேசைமேல் இருந்த பத்திரம் மட்டும் இருட்டில் வெளுப்பாகத் தெரியும்வரை அவர் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

அவர் யாரையும் ஏமாற்ற நினைக்கவில்லை. வீட்டை வாங்கியபோது தொண்ணூற்றொன்பது வருடக் குத்தகை. அது தீர்ந்தால் வீடு நிலச் சொந்தக்காரருக்கே போய்விடும். இப்போது மிச்சம் அறுபத்தொன்று. நீட்டி வாங்கச் சொல்லி வருடாவருடம் நச்சரித்தவள் பெரில்தான். நமக்கப்புறம் ஹேலிக்கு என்ன மிஞ்சும் என்பாள். ஹேலி அவர்களுடைய ஒரே மகள். அடுத்த வருடம் என்று தள்ளிப்போட்டவர் க்ளிஃபர்ட். அவள் போன பிறகுதான் வக்கீலுக்கு எழுதினார். வேறு ஊரில் இருந்த அந்த வக்கீல் அம்மாள் அவர்களை நேரில் பார்த்ததே கிடையாது. அனுப்பிய படிவத்தில் ஒரு வரி இருந்தது: உரிமையாளர்களில் யாராவது இறந்திருந்தால் சான்றிதழை அனுப்பவும், பெயரை நீக்கிவிடலாம்.

அந்தச் சான்றிதழை அவர் ஏழு மாதமாக அனுப்பிக்கொண்டே இருந்தார். வங்கிக்கு, ஓய்வூதிய அலுவலகத்துக்கு, மருத்துவருக்கு, நூலகத்துக்கு. ஒவ்வோர் இடமாக அவள் பெயரை அடித்தார்கள். இருவர் பெயரும் சேர்ந்திருந்த கடைசி இடம் இந்தக் குத்தகைதான். பழைய உறைகளின் முதுகில் நாலு நாள் எழுதிப் பழகி, அவள் போடும் அதே சுழியோடு, அவளுக்காகவும் அவரே கையெழுத்திட்டார்.

இருட்டிய பிறகு உள்ளறைக் கதவைத் திறந்தார். மடித்த போர்வை, வெறும் கட்டில். ஆனால் அவள் நெஞ்சில் தடவும் தைலத்தின் வாசனையும், பிராணவாயு முகமூடியின் ரப்பர் வாசனையும், அலமாரிக்குள் இத்தனை நாள் பூட்டி வைத்திருந்து இப்போது திறந்ததுபோல அறை முழுக்க நின்றன.

"பெரில்?"

கட்டிலின் ஓரம் லேசாக அமுங்கியது. அவருக்குப் பயம் வரவில்லை. அழுகைதான் வந்தது.

டிசம்பர் முழுக்க அவர் சந்தோஷமாகவே இருந்தார். இரண்டு கோப்பை தேநீர் போட்டார். அறைக்கதவைத் திறந்துவைத்து, செய்தித்தாளின் குறுக்கெழுத்துக் கேள்விகளை உரக்கப் படித்தார். உள்ளே மூச்சு சீராக வந்து போய்க்கொண்டிருந்தது, மதியத் தூக்கத்தில் இருப்பவளுடைய மூச்சு. கிறிஸ்துமஸுக்குக் கூப்பிட்ட ஹேலியிடம் சளி பிடித்திருப்பதாகச் சொல்லி, போகாமல் இருந்துவிட்டார்.

ஜனவரியில் குத்தகை பதிவாகிவிட்டதாகக் கடிதம் வந்தது. கூடுதலாகத் தொண்ணூறு வருடம். ஆக நூற்றைம்பத்தொன்று. க்ளிஃபர்ட் ஹாஸல், பெரில் ஹாஸல். கட்டிலருகே நின்று அதை அவளுக்குப் படித்துக் காட்டினார்.

மூச்சு நின்றது.

பிறகு தொடங்கியது. வேறு மூச்சு. அது எந்த மூச்சு என்று அவருக்கு உடனே தெரிந்துவிட்டது.

கடைசி நாளில் அவள் முகமூடியை மூன்று முறை தள்ளிவிட்டாள். "போதும், க்ளிஃப். விடு," என்றாள். மூன்று முறையும் அவர் திரும்ப மாட்டினார். மூன்றாவது முறை கையை எடுக்கவேயில்லை. ஆம்புலன்ஸ் வருவதற்குள், அவர் கைக்கு அடியிலேயே அவள் போய்விட்டாள். இதை ஹேலியிடம்கூடச் சொன்னதில்லை.

அந்த மூச்சு. அன்றைக்கு அது இருபது நிமிடத்தில் முடிந்தது. இப்போது முடியவில்லை. ஒரு பகல். ஓர் இரவு. ஒரு வாரம். இழுப்பு. அடைப்பு. இழுப்பு. சமையலறையில் குழாயைத் திறந்துவிட்டாலும் கேட்டது. வானொலிக்கு மேலாகவும் கேட்டது.

வழக்கானாலும் ஆகட்டும் என்று வக்கீலுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னார். அந்த அம்மாள் தேதிகளைக் கேட்டுக் குறித்துக்கொண்டார். பிறகு, சான்றிதழை அனுப்புங்கள், மற்றதை அப்புறம் பார்ப்போம் என்றார். அன்றைக்கே அனுப்பினார். பிப்ரவரியில் பதில் வந்தது: பெயர் நீக்கப்பட்டது.

கடிதத்தோடு உள்ளே ஓடினார்.

"எடுத்துட்டேன், பெரில். உன் பேரை எடுத்தாச்சு. நீ போலாம்."

இழுப்பு. அடைப்பு. இழுப்பு.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஹேலி வந்தாள். அப்பா பாதியாக இளைத்திருப்பதைப் பார்த்து அவளுக்கு முகம் சுருங்கிப்போயிற்று. உள்ளறை வாசலில் நின்று பேசினாள். அவளுக்கு ஒன்றும் கேட்கவில்லை.

"குத்தகைதான் நீண்டுடுச்சேப்பா, இனி நல்லாவே விக்கும். என்கூட வந்துடு."

வாங்குகிற யாரோ இந்த அறையில் தொட்டில் போடுவார்கள். சுவருக்குப் புது வண்ணம் அடிப்பார்கள். அவர்களுக்கு நடுவே பெரில்.

"நான் இங்கேயே இருந்துக்கறேன்மா."

"யாருக்காகப்பா?"

அவர் கட்டில் பக்கம் பார்த்தார். அவருக்கு எழுபத்தெட்டு வயது. எத்தனை வருடம் பக்கத்தில் உட்கார்ந்திருக்க முடியும்? அதற்கப்புறம்?

ஹேலியின் கார் தெருமுனை திரும்பியதும் கடலிலிருந்து காற்று கிளம்பியது. காற்றாவது கொடுக்கலாம் என்று அவருக்குத் தோன்றியது. உள்ளறை ஜன்னலை முழுதாக மேலே தள்ளினார்.

காற்று பாய்ந்தது. திரைச்சீலை கூரைவரை எழுந்தது. வக்கீலின் கடிதம் பறந்து சுவரில் ஒட்டியது. போர்வை நழுவி விழுந்தது.

திரும்பிப் பார்த்தார்.

கட்டிலின் ஓரத்தில் பெரில். இரவு உடையில். இரண்டு கையாலும் மெத்தையைப் பற்றிக்கொண்டு. கழுத்து நரம்புகள் புடைக்க, வாயை அகலத் திறந்து, ஜன்னலை நோக்கி முகத்தை நீட்டிக்கொண்டு. அவருடைய நரைமுடி கலைந்து கண்ணை மறைத்தது. விலக்கிவிட்டு மறுபடி பார்த்தார்.

அவள் தலையில் ஒரு முடிகூட அசையவில்லை.