தோழி வராத காட்சி

பள்ளியின் பழைய அரங்கை அவர்கள் திறந்தபோது மதியம் மூன்று மணி. வெளியே வெயில் கண்ணைக் கூசவைத்தது. உள்ளே கால் வைத்ததும் இருட்டு முகத்தில் வந்து அப்பிக்கொண்டது. தூசி வாடை, மக்கிய திரைச்சீலை வாடை, அவற்றுக்கு அடியில் பாசி பிடித்த தண்ணீரின் வாடை.

நாடக டீச்சர் வாசலிலேயே நின்றுவிட்டாள். இருபத்திரண்டு வருடம் கழித்து இங்கே வருகிறாள். அவள் படித்த பள்ளி இது. கூட வந்த ஐந்து பிள்ளைகளிடமும் அதை அவள் சொல்லவில்லை.

ஊர் ஊராகப் போய்ப் பள்ளிகளில் நாடகம் போடும் குழு அது. எல்லோருக்கும் பதினைந்து, பதினாறு வயது. நாடகத்தை எழுதியவள் டீச்சர்தான். மேடைக்குப் பின்னால் இருக்கும் ஒப்பனை அறையில் ஒரு மாணவியிடம் மூத்த மாணவன் ஒருவன் அத்துமீறுகிறான். மறுநாள் பள்ளியே அவன் பக்கம் நிற்கிறது. அவளுக்குக் கிடைப்பது ஒரு கேவலமான பட்டப்பெயர். மூன்றாம் காட்சியில் தோழி ஓடிவந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் இருக்கேன்" என்பாள். போன இடமெல்லாம் அந்த இடத்தில் கைதட்டல் காதைப் பிளக்கும்.

நிஜத்தில் அந்த மாணவி படித்தது இங்கேதான். அது நடந்த பதினோராம் நாள், அரங்குக்குப் பின்னால் இருந்த தண்ணீர்த் தொட்டியிலிருந்து அவளைப் பிணமாகத் தூக்கினார்கள்.

ஒத்திகை தொடங்கியது. அந்த மாணவியாக நடிப்பவளை எல்லோரும் வாயாடி என்றுதான் கூப்பிடுவார்கள். தோழியாக நடிப்பவள் நெட்டை. மூன்றாம் காட்சியில் வாயாடி நடுமேடையில் தலைகுனிந்து நின்றாள். மற்ற மூவரும் அவளைச் சுற்றி நின்று சிரித்தார்கள். நெட்டை பக்கத்திரைக்குள்ளிருந்து ஓடிவர வேண்டும்.

வரவில்லை.

"என்னம்மா, தூங்கிட்டியா?" என்றாள் டீச்சர்.

"வர முடியல மிஸ்." குரல் திரைக்குள்ளிருந்து கம்மலாக வந்தது. "யாரோ சட்டையப் பிடிச்சிருக்காங்க."

ஏதாவது ஆணியில் மாட்டியிருக்கும் என்று டீச்சர் மேடையேறித் திரையை விலக்கினாள். ஆணி இல்லை. நெட்டை மட்டும்தான் நின்றாள். அவள் சட்டை முதுகில் ஐந்து விரல்கள் ஈரமாகப் பதிந்திருந்தன.

"சரி, மறுபடி எடுக்கலாம்." டீச்சர் திரையை விட்டுவிட்டு மேடையிலிருந்து இறங்கினாள்.

மறுபடி சிரிப்பு. மறுபடி நெட்டை ஓடிவரும் நேரம். அதற்குச் சற்று முன்னால், திரைக்குப் பின்னாலிருந்து ஒரு சின்னப் பெண்ணின் குரல் மெதுவாகச் சொன்னது.

"அவ வரல."

டீச்சர் மேடையைச் சுற்றிப் பார்த்தாள்.

"யாரு பேசுனது?"

"நாங்க இல்ல மிஸ்," என்றாள் வாயாடி. அவ்வளவு சின்னக் குரலில் அவள் பேசி யாரும் கேட்டதில்லை.

டீச்சருக்கு அந்தக் குரலைத் தெரியும். மூன்று வருடம் ஒரே பெஞ்சில், தோளோடு தோளாக உட்கார்ந்து கேட்ட குரல்.

மறுநாள் காலை, நாடகத்துக்கு முன்னால் தலைமையாசிரியர் அவளைத் தனியே கூப்பிட்டார். "ஒப்பனை அறைன்னு எதுக்குச் சொல்லணும்? சும்மா ஒரு அறைன்னு சொல்லுங்களேன். இங்க முன்னாடி ஏதோ நடந்துச்சாம். பழசக் கிளற வேண்டாம்."

அவள் தலையாட்டினாள்.

பதினொரு மணிக்கு நானூறு பிள்ளைகள் வந்து உட்கார்ந்தார்கள். முதல் இரண்டு காட்சிகளும் குறையில்லாமல் போயின. மூன்றாம் காட்சியில் அந்த மூவரும் சிரிக்கத் தொடங்கியபோது, அரங்கின் குழல் விளக்குகள் பின்னாலிருந்து ஒவ்வொன்றாக அணைந்தன. பாசி வாடை மூக்கை அடைத்தது. நெட்டை அசையாமல் நின்றாள்.

அந்தக் குரல் இப்போது எல்லோருக்கும் கேட்டது.

"அவ வரல. கதவுக்கு வெளியதான் நின்னா."

முன்வரிசையிலிருந்து தலைமையாசிரியர் எழுந்தார். நாடகத்தில் இது ஒரு பகுதி என்று நினைத்த பிள்ளைகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள்.

டீச்சரின் கால்கள் அவளைக் கேட்காமலே மேடைக்கு நடந்தன.

"அவ சொல்றது நிஜம்தான்," என்றாள். "அந்தத் தோழி நான்தான். உள்ள அவ கத்துனது எனக்குக் கேட்டுச்சு. நான் கதவத் தட்டல. மறுநாள் எல்லாரும் அந்தப் பேரச் சொல்லிச் சிரிச்சப்ப, நானும் சேர்ந்து சிரிச்சேன்."

இருட்டுக்குள் ஒன்பதாம் வகுப்பு வரிசையில் ஒரு பெண் எழுந்து நின்றாள். பக்கத்திலிருந்தவள் பிடித்து இழுத்தாள். எழுந்தவள் அந்தக் கையை உதறிவிட்டாள்.

"அதே ரூம்தான் மிஸ். போன மாசம்."

யாரோ ஜன்னலைத் திறந்துவிட்டதுபோல வாடை விலகியது. விளக்குகள் எரிந்தன.

"பேசித் தீர்த்துக்கலாம்" என்று தலைமையாசிரியர் இழுத்தார். டீச்சர் காது கொடுக்கவில்லை. அந்தப் பெண்ணின் அம்மாவோடு காவல் நிலையத்துக்குப் போய், புகார் எழுதி முடிக்கும்வரை கூடவே உட்கார்ந்திருந்தாள். மூத்த வகுப்புப் பையன்கள் இரண்டு பேர்மேல் வழக்குப் பதிவானது. ஒப்பனை அறைக்குப் பூட்டு விழுந்தது. அன்றைக்கு, எத்தனையோ வருடம் கழித்து, டீச்சர் அடித்துப்போட்டதுபோலத் தூங்கினாள்.

மூன்றாம் காட்சியை மாற்றி எழுதினாள். இனிமேல் தோழி வரமாட்டாள்.

அடுத்த வாரம் வேறு ஊர், வேறு பள்ளி. நேற்றுத்தான் கட்டியதுபோலப் பளிச்சென்ற அரங்கு. ஒத்திகை முடிந்து முகச்சாயத்தைத் துடைக்கும்போது வாயாடி கேட்டாள்.

"மிஸ், பக்கத்திரையில நின்னு வசனம் எடுத்துக் குடுக்குற அக்கா யாரு?"

"நம்ம குழுவுல அப்படி யாரும் இல்லையே."

"இருக்காங்க மிஸ். யூனிஃபார்ம் போட்டுக்கிட்டு. தலையெல்லாம் தொப்பலா நனைஞ்சு." வாயாடி குரலைத் தாழ்த்தினாள். "இன்னிக்கு நாடகத்துல இல்லாத ஒண்ணு சொன்னாங்க."

"என்ன?"

"'அன்னிக்கு என்னை அந்த ரூமுக்குப் போகச் சொன்னது யாருன்னு உங்க மிஸ்கிட்ட கேளு'ன்னாங்க."

டீச்சர் பக்கத்திரையைத் திரும்பிப் பார்த்தாள். போலீஸிடம் சொல்லாதது, நானூறு பேர் முன்னால் சொல்லாதது, தனக்குத் தானேகூடச் சொல்லிக்கொள்ளாதது அந்த ஒன்றுதான்.

"யாரு மிஸ்?" என்றாள் வாயாடி.

பக்கத்திரைக்குப் பின்னால் யாரோ பொறுமையாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்கள்.