முந்திக்கொண்ட பதில்

சிங்கள மாஸ்டர் கேள்வி கேட்டது றபீக்காவிடம். பதில் சொன்னதோ பின்வரிசை வாங்கிலிருந்த மீராசா!

மூன்றாவது சனிக்கிழமையும் இதே கூத்துத்தான். கல்முனையில் அரசாங்க உத்தியோகத்தருக்கு நடக்கும் சிங்கள வகுப்பு அது. வாய்மொழிப் பரீட்சையில் தேறினால்தான் நீர்ப்பாசனக் கந்தோரில் றபீக்காவின் கிளாக்கர் வேலை நிரந்தரமாகும். அவள் சொல்லைத் தேடி எடுப்பதற்குள் இவன் முந்திவிடுகிறான். சிங்களவர் நிறைந்த அம்பாறையில், வாப்பாவின் கடையில் வளர்ந்தவன்... சிங்களம் அவனுக்குத் தண்ணீர் பட்ட பாடு.

வகுப்பு விட்டதும் மழை பிடித்துக்கொண்டது. வராந்தாவில் அவனை மறித்தாள்.

“எனக்கு வாய் இரிக்கி. என்ட பதில நான் சொல்லுவன்.”

“நீங்க தடுமாறினீங்க... உதவி செஞ்சன்.”

“தடுமாறத்தான் வந்திரிக்கன்! பரீட்சையிலயும் பக்கத்துல வந்து குந்துவீங்களா?”

முக்காட்டு ஓரத்தில் மழை சொட்டியது. அந்தக் கண்கள் மட்டும் நனையாமல் எரிந்தன... மீராசா தலையாட்டிவிட்டு மழையில் இறங்கினான்.

அடுத்த வாரமும் தடுமாறினாள். வகுப்பே திரும்பி மீராசாவைப் பார்த்தது. அவன் உதட்டைக் கடித்துக்கொண்டு யன்னலைப் பார்த்தான். கடைசியில் அவளே சொன்னாள். பாதி பிழை. ஆனாலும் அவளுடைய பதில்! அவன் சிரித்த சிரிப்பில், அவளது பாழாய்ப்போன மனது அன்றே அவன் பக்கம் போய்விட்டது.

பேச்சுப் பயிற்சிக்கு மாஸ்டர் இருவரையும் சோடியாக்கினார். கடைக்காரனும் சாமான் வாங்க வந்தவளுமாக அவர்கள் கதைத்த கதை, அவளது மூத்த சகோதரன் ஆதம்பாவா காக்காவின் காதுக்கு வரும்போது காதலாகியிருந்தது.

“வகுப்பும் வாணாம், உத்தியோகமும் வாணாம்!”

அந்தச் சனிக்கிழமை அவள் வரவில்லை. மாலையில் மீராசா நனைந்தபடி அவள் வீட்டு வாசலில் வந்து நின்றான்.

“ஒங்களுக்கும் என்ட தங்கச்சிக்கும் என்ன?” ஆதம்பாவா கர்ச்சித்தார்.

பதில் நாக்கு நுனியில் இருந்தது. கதவோரம் நின்றவளைப் பார்த்து அதை விழுங்கினான்.

“அவட பதில அவதான் சொல்லணும். நான் முந்த மாட்டன்.”

றபீக்கா முன்னுக்கு வந்தாள்.

“வகுப்புக்குப் போவன் காக்கா. உத்தியோகமும் பாப்பன். இவர மாப்பிள்ள கேட்டுப் போங்க.”

“நம்மட ஊர்ல பொண்ணு ஊட்டார்தானே மாப்பிள்ள கேக்கணும்? நான் கேட்டுப் போக மாட்டன்!”

“அப்ப நானே கேக்கன்.” அவள் மீராசாவை நேராகப் பார்த்தாள். “எனக்கு மாப்பிள்ளையா வர விருப்ப...”

இந்தக் கேள்வி அவனுக்குரியது...

“ஓம்!” என்றான், அவள் கேட்டு முடிக்குமுன்பே.