எதிர்க் கதிரைக்குப் போட்ட சாப்பாடு

மீன் துண்டின் ஒரு மூலை குறைந்திருந்தது.

யோகாம்பாள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சால்வை நுனியால் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தாள். குறைந்துதான் இருந்தது. அவளுடைய தட்டில் இல்லை. மேசையின் எதிர்ப்பக்கம், ஆளில்லாத கதிரைக்கு முன்னால் அவளே போட்டு வைத்த தட்டில். கப்பலில் எலி இருக்குமோ என்று நினைத்தாள். எலி என்றால் கடித்திருக்கும். சுவிஸ் எலி என்றால் கத்தியும் முள்ளுக்கரண்டியும் கேட்டு வாங்கி வெட்டியிருக்கும். இதுவோ விரல் நுனிகளால் கிள்ளி எடுக்கப்பட்டிருந்தது.

களைப்பு, என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அவளுடைய களைப்புக்குத் தனியாக ஒரு பயணச்சீட்டு எடுத்திருக்க வேண்டும், அவ்வளவு பாரம். பேர்ணில் ஆஸ்பத்திரிச் சமையலறையில் அவள் உரித்த உருளைக்கிழங்கைக் குவித்திருந்தால் ஆல்ப்ஸுக்குப் பக்கத்தில் இன்னொரு மலை நின்றிருக்கும், அதற்கும் ஒரு கேபிள் கார் விட்டுச் சுவிஸ்காரர் காசு பார்த்திருப்பார்கள். சென்ற மாதம் ஓய்வு பெற்ற அன்று, கூட வேலை செய்தவர்கள் ஒரு பூங்கொத்தையும் இரண்டு ரிக்கற்றுகளையும் கையில் திணித்தார்கள். பாசலிலிருந்து குளிர்காலக் கப்பல் பயணம். கடலே இல்லாத இந்த நாட்டுக்கு வடக்கு மூலையில் ஒரு துறைமுகம் இருக்கிறதே, அந்தப் பாசல்தான். பின்னேரம் புறப்பட்டு, றைன் ஆற்றில் மேலே போய், சாப்பிட்டுக்கொண்டே திரும்பி வருவது.

இரண்டு ரிக்கற். அவளுக்கும் குகநாதனுக்கும்.

கலியாணம் கட்டிய நாளிலிருந்து அவர்கள் இருவரும் ஒரு மேசையில் நேருக்கு நேர் உட்கார்ந்து சாப்பிட்டது குறைவு. அவள் விடிய முதல் சமையலறைக்கு ஓடுவாள்; அவர் இரவெல்லாம் பஸ் கழுவிவிட்டு விடிந்த பிறகு வருவார். ஒருவர் படுத்த சூட்டில் மற்றவர் படுத்தார். போகும்போது அவள் அவருடைய சாப்பாட்டைத் தட்டில் போட்டு, இன்னொரு தட்டால் மூடி, அவருடைய கதிரைக்கு முன்னால் வைத்துவிட்டுப் போவாள். வந்து பார்த்தால் தட்டு வழித்துத் துடைத்தாற்போல இருக்கும். கைதுடைத்த தாள் நாலாக மடிக்கப்பட்டு அதன் கீழே செருகப்பட்டிருக்கும். அதுதான் அவர்களுடைய குடும்ப வாழ்க்கை, அதுதான் காதல் கடிதமும். ஓய்வு பெற்றதும் முதல் வேலையாக அந்த மனுசன் சாப்பிடுவதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று அவள் ஆசைப்பட்டிருந்தாள்.

காலையில் பார்த்தால் அவருக்குக் காய்ச்சல். கோடாலித் தைலத்தில் குளித்தவர் மாதிரி மணந்துகொண்டு சோபாவில் சுருண்டிருந்தார்.

"என்னாலை ஏலாதப்பா. நீ போட்டு வா."

"இவ்வளவு காலமும் தனியத்தானே சாப்பிட்டனான். இண்டைக்குமோ?"

"சரி, மூஞ்சையை நீட்டாதை. என்ரை பங்கையும் எடுத்து முன்னாலை வை. நான் இருக்கிறன் எண்டு நினைச்சுக்கொண்டு சாப்பிடு. மீன் கிடந்தால் மிச்சத்தை எனக்குக் கொண்டுவா."

கதவடி வரை வந்து வழியனுப்பினார். முழங்கால் ஒப்பரேசனுக்குப் பிறகு அவருக்கு இடக்கால் இழுக்கும். வீட்டுச் செருப்பு நிலத்தில் ஒரு டப், ஒரு சர்ர். டப், சர்ர். அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே அவள் படியிறங்கினாள். கைப்பையில் ஒரு வெறும் ஐஸ்கிறீம் டப்பா.

அவர் சொன்னபடியே செய்தாள். வரிசையில் நின்று முதலில் அவருடைய தட்டை நிரப்பினாள், எப்போதும் அப்படித்தான். பொரித்த மீன் இரண்டு துண்டு, உருளைக்கிழங்கு, ஓரமாக எலுமிச்சம்பழம். எதிர்க் கதிரைக்கு முன்னால் வைத்தாள். பக்கத்தில் ஒரு கிளாஸ் தண்ணீர். பரிமாறிய நரைத்தலைப் பெண் மெழுகுதிரியைக் கொளுத்தி அந்தத் தட்டுக்குப் பக்கத்தில் நகர்த்தி வைத்துவிட்டு, "எ குவேத்தே மித்தெனாண்ட்" என்றாள். எல்லாரும் நன்றாகச் சாப்பிடுங்கள் என்று அர்த்தம். எல்லாருமா? அவள் ஒருத்திதானே என்று யோகாம்பாள் அப்போது யோசிக்கவில்லை.

அந்த நேரம் பார்த்துக் கப்பல் தொட்டிக்குள் போனது. ஆற்றின் குறுக்கே அணை. அதன் ஓரத்தில் கப்பலை ஏற்றி இறக்குவதற்கு ஒரு கொங்கிறீற்றுத் தொட்டி. இரண்டு பக்கமும் பாசி வழியும் ஈரச் சுவர்கள் ஜன்னல்களை அடைத்தபடி வானம் வரைக்கும் எழும்பி நின்றன, பின்னால் இரும்புக் கதவு உலகத்தில் உள்ள அத்தனை பெட்டகங்களையும் ஒரே தரத்தில் சாத்துவது போல ஒரு நீண்ட முனகலோடு மூடிக்கொண்டது, மெழுகுதிரிகளைத் தவிர வெளிச்சமென்று ஒன்றும் இல்லை, கீழே எங்கேயோ தண்ணீர் உறிஞ்சி உறிஞ்சிப் பெருகும் சத்தம் அவளுடைய களைத்த காலுக்குள்ளேயே பெருகுவது போலிருந்தது. அவள் கொஞ்சம் கண்ணை மூடினாள்.

எங்கேயோ பலகையில் கப்பல் முட்டியது. தும். தும். தும். தொட்டியின் முன்கதவு திறந்தது. கண்ணைத் திறந்தபோதுதான் மீனின் மூலை குறைந்திருந்தது.

வெளியே பனிப்புகார். பின்னேரம் என்று பேர், இருட்டிவிட்டது. ஜன்னல் கண்ணாடி முழுவதும் மூச்சாவி படிந்து வெள்ளையாகக் கிடந்தது. எதிர்க் கதிரைக்கு நேரே மட்டும், உள்ளங்கை அளவுக்கு யாரோ துடைத்துவிட்ட மாதிரி ஒரு கறுப்பு வட்டம். அதிலிருந்து சொட்டுகள் வழிந்துகொண்டிருந்தன. புதிதாகத் துடைத்தது.

பிறகு மணம் வந்தது. பொரியல் மணத்துக்கும் மெழுகுப் புகைக்கும் பக்கத்து மேசைக் கிழவியின் வாசனைத் தைலத்துக்கும் ஊடாக, கோடாலித் தைலம். அதன் அடியில் ஆற்றுச் சேறு.

முதலில் அவளுக்கு அது ஆறுதலாகத்தான் இருந்தது. தன்னுடைய சால்வையில் ஒட்டியிருக்கும் என்று நினைத்துச் சால்வையை மணந்து பார்த்தாள். சால்வையில் இல்லை.

கைத்தொலைபேசியை எடுத்தாள்.

"என்னப்பா, காய்ச்சல் எப்பிடி?"

"அதை விடு." அவருடைய குரல் உண்ட களைப்பில் இருந்தது. "ஒரு புதினம் கேள். விடிஞ்சதிலையிருந்து பச்சைத் தண்ணியும் குடிக்கேல்லை. இப்ப படுத்துக்கிடக்கிறன், வாயெல்லாம் மீன் ருசி. நல்ல பொரியல். உப்புத்தான் கொஞ்சம் கூட."

அவள் தன் தட்டில் இருந்து ஒரு துண்டு எடுத்து வாயில் வைத்தாள். உப்புக் கூடத்தான்.

"பகிடி விடாதேங்கோ."

"ஆருக்குப் பகிடி? வயிறு நிறைஞ்சுபோச்சு. ஆனால் குளிருது யோகம். ஹீற்றர் வேலை செய்யேல்லைப் போல. காலெல்லாம் ஈரம். வீடு மெல்ல ஆடுது."

தொடர்பு அறுந்தது.

மேசை மெல்ல ஆடியது. தண்ணீர்க் கிளாஸில் வட்டங்கள். அந்தத் தட்டை, அந்தத் தண்ணீரை, அந்த மெழுகுதிரியை, அந்த வெறுங்கதிரையை அவள் முதல் தடவையாக ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தாள்.

மாமி, குகநாதனின் தாய், யாழ்ப்பாணத்தில் செத்தபோது எட்டாம் நாள் படையலான எட்டுச் செலவை இவர்கள் பேர்ண் வீட்டில் செய்தார்கள். படத்துக்கு முன்னால் விளக்கு, ஒரு கிளாஸ் தண்ணீர், மாமிக்குப் பிடித்த பொரித்த மீன். படைத்துவிட்டு அறைக் கதவைச் சாத்தினார்கள். சாத்திய கதவுக்குள் ஒருவரும் இருக்கக் கூடாது, எட்டிப் பார்க்கவும் கூடாது. செத்தவர் சாப்பிடுகிற நேரம் அது. திறக்க முதல் குகநாதன்தான் கதவில் மூன்று தரம் தட்டினார். "சாப்பிட்டவை எழும்பிப் போறதுக்கு நேரம் குடுக்க வேணும்" என்றார். அந்தச் சாப்பாட்டைப் பிறகு பகிர்ந்து சாப்பிட்டபோது, அவளே கைநிறைய அள்ளிப் போட்ட உப்பு அதில் இல்லை. வந்தவர் ருசியை எடுத்துக்கொண்டு போய்விட்டார் என்று சொன்னார்கள்.

எதிர்த் தட்டை எட்டி மீனைக் கிள்ளினாள். வாயில் வைத்தாள்.

ஒன்றுமில்லை. உப்பில்லை, எண்ணெய் இல்லை, சூடில்லை. நனைந்த கடதாசி.

உயிரோடு இருக்கிற மனுசனுக்குப் படைத்துவிட்டாள்.

மெழுகுதிரியை ஊதி அணைத்தாள். நரைத்தலைப் பெண்ணைக் கூப்பிட்டு, இந்தத் தட்டை எடுத்துக்கொண்டு போங்கள் என்று தன்னிடமிருந்த ஜெர்மனையெல்லாம் திரட்டிச் சொன்னாள். அந்தப் பெண் எதிர்க் கதிரையைப் பார்த்தாள், யோகாம்பாளைப் பார்த்தாள், மரியாதையாகச் சிரித்தாள்.

"உங்கள் கணவர் இன்னும் சாப்பிட்டு முடிக்கவில்லையே?" சொல்லிக்கொண்டே மெழுகுதிரியை மறுபடி கொளுத்திவிட்டு அடுத்த மேசைக்குப் போனாள்.

கதிரையில் ஒருவரும் இல்லை. இருக்கை மெத்தை மட்டும் நடுவில் பதிந்திருந்தது.

கப்பல் திரும்பியிருந்தது. ஒலிபெருக்கி ஏதோ அறிவித்தது. தொட்டி. மறுபடியும் தொட்டி. இந்தத் தடவை கப்பல் மேலேயிருந்து கீழே இறங்கும். கதவு சாத்தும். பிறகு அந்தச் சத்தம் கேட்கும், மூன்று தரம். கேட்டால் சாப்பிட்டவர் எழும்பிப் போவார்.

போன தடவை எழும்பவில்லை. ஏனென்றால் அப்போது அவர் சாப்பிடத் தொடங்கியிருந்தார், அவ்வளவுதான்.

அவள் தட்டைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். அவளுடைய முழங்கால்களும் இடுப்பும் குதிக்காலும் ஆளுக்கொரு பக்கம் ஒப்பாரி வைக்க, வழியில் ஒரு கிழவனின் தடியைத் தட்டி விழுத்தி, கண்ணாடிக் கதவைத் தோளால் தள்ளித் தளத்துக்கு வந்தாள். குளிர் முகத்தில் அறைந்தது. மீனையும் கிழங்கையும் அப்படியே ஆற்றில் கொட்டினாள். தண்ணீர் சத்தமில்லாமல் வாங்கிக்கொண்டது. நெஞ்சில் கைவைத்துக்கொண்டு நின்றாள். அவ்வளவுதான். சாப்பாடு இல்லை, படையல் இல்லை. வெறுந்தட்டோடு உள்ளே வந்து உட்கார்ந்தாள். வீட்டுக்குப் போய் ரசம் வைத்துக் கொடுக்கலாம். நேருக்கு நேர் உட்கார்ந்து கொடுக்கலாம்.

பின்னால் கதவு முனகி மூடிக்கொண்டது.

ஈரச் சுவர்கள் மெல்ல உயர்ந்தன. கப்பல் இறங்கியது. இறங்கிக்கொண்டே இருந்தது.

தொலைபேசி அடித்தது. திரையில் அவருடைய பெயர். மேலே தொடர்புக் கோடு ஒன்றுகூட இல்லை.

"ஏனப்பா என்ரை சாப்பாட்டைக் கொட்டினனீ?"

அவள் தொலைபேசியைக் காதோடு அழுத்தினாள்.

"பசிக்குது யோகம்." குரலுக்குப் பின்னால் தண்ணீர் உறிஞ்சும் சத்தம். "அரைவயித்தோடை என்னண்டு போறது?"

"போக வேண்டாம். எங்கையும் போக வேண்டாமப்பா. சோபாவிலையே இருங்கோ. எழும்பாதேங்கோ."

"எந்தச் சோபா? உனக்கு முன்னாலைதானே இருக்கிறன்."

எதிரே கதிரை கிரீச்சிட்டு மேசையை நெருங்கியது.

மெழுகுச் சுடர் அவர் பக்கமாகச் சாய்ந்தது. யாரோ மூச்சை உள்ளே இழுத்த மாதிரி. கண்ணாடியில் இன்னொரு கறுப்பு வட்டம்.

கை தானாக நகர்ந்தது. எத்தனை காலத்துப் பழக்கம். பசிக்கிறது என்று அந்த மனுசன் சொன்ன பிறகு அவள் சும்மா இருந்ததே இல்லை. சாப்பிட்டுக்கொண்டிருந்தால் எழும்ப மாட்டார். எழும்பாவிட்டால் போக மாட்டார். தன்னுடைய தட்டை எடுத்தாள். மேசையின் குறுக்கே மெல்லத் தள்ளினாள். எதிர்க் கதிரை வரைக்கும்.

"ஆறுதலாச் சாப்பிடுங்கோ" என்றாள். "ஒரு அவசரமும் இல்லை."

கண்ணை இறுக்கி மூடினாள். பார்க்கக் கூடாது.

முள் உமியும் சத்தம். விரல் சூப்பும் சத்தம். இத்தனை காலமும் கேட்க ஆசைப்பட்ட சத்தம். மெல்ல. மெல்ல. இன்னும் மெல்ல.

பிறகு அதுவும் நின்றது.

தும்.

"எழும்பாதேங்கோ."

தும்.

"இஞ்சேருங்கோ, எழும்பாதேங்கோ!"

தும்.

கதிரை பின்னால் தள்ளப்பட்டது. மேசையடியிலும். தொலைபேசிக்குள்ளும். ஒரே நேரத்தில்.

டப். சர்ர்.

டப். சர்ர்.

முன்கதவு திறந்து ஆற்றுக் குளிர் உள்ளே வந்தது. அவள் கண்ணைத் திறந்தாள். தொலைபேசியில் தண்ணீர்ச் சத்தம் மட்டும். தட்டு வழித்துத் துடைத்தாற்போல இருந்தது. அதன் கீழே நாலாக மடித்த தாள், ஈரமாக. கதிரையடியில் தொடங்கித் தளத்துக் கதவு வரைக்கும், அதற்கு அப்பால் கைப்பிடிக் கம்பியில்லாத ஓரம் வரைக்கும், நிலத்தில் ஒரு செருப்படியும் ஒரு ஈரக் கோடும். ஒரு செருப்படியும் ஒரு ஈரக் கோடும்.

போன அடிகள் மட்டும்.