ஒன்பதாவது புள்ளி

திரையில் எட்டுப் பச்சைப் புள்ளிகள் இருக்க வேண்டும். அறிவு இரண்டாவது முறை எண்ணியபோதும் ஒன்பதுதான் வந்தது.

மாலை ஆறரை மணி. அடையாறில் ஒரு மருந்துக் கடைக்கு மேல் இருந்த சைக்கிள் கடையில் அவன் மட்டும். காலையிலிருந்து விடாத நவம்பர் மழை ஜன்னலில் வழிந்துகொண்டிருந்தது. கீழே பஸ்கள் தேங்கிய தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போகும் ஓசை, பட்டினப்பாக்கத்தில் பிறந்து வளர்ந்த அவன் காதுக்கு, அலை ஒன்று கரைக்கு வந்து வந்து மனம் மாறித் திரும்புவதுபோலக் கேட்டது. புது டயர்களின் ரப்பர் வாசனையும் செயின் எண்ணெயின் வாசனையும் வாசலில் போட்ட ஈரச் சாக்கின் வாசனையும் ஒன்றாகக் கலந்து அறைக்குள் தாழ்வாக மிதந்தன.

மலை ஏறிப் பழக ஆசைப்படும் சென்னைக்காரர்கள், மேம்பாலங்களில் ஏறி இறங்கி அலுத்துப்போய், கடைசியில் கடை நடுவில் நிற்கும் இந்தப் பயிற்சி மெஷினிடம்தான் வருவார்கள். பின்சக்கரத்தைக் கழற்றிவிட்டு சைக்கிளை அதன்மேல் பூட்ட வேண்டும். திரையில் சாலை ஏறினால் பெடல் இறுகும். சமதளம் வந்தால் இளகும். போன ஞாயிறு கடையிலிருந்து பத்துப் பேர் கொல்லிமலை போனார்கள். அதில் எட்டுப் பேரின் சைக்கிள்களில் மாட்டியிருந்த, போகும் வழியைக் குறித்துக்கொள்ளும் மீட்டர்களில் பதிவானதைத்தான் முதலாளி நிரஞ்சன் மெஷினில் ஏற்றியிருந்தான். இங்கே ஓட்டுகிறவர் சிவப்புப் புள்ளி. அவருக்கு முன்னால் அந்த எட்டுப் பச்சைப் புள்ளிகளும் அன்று ஏறியபடியே ஏறிக்கொண்டிருக்கும்.

அறிவிடம் மீட்டர் கிடையாது. பத்தாவது ஆளிடம் இருந்தது. ஆனால் அந்த மீட்டரும் திரும்பவில்லை, ஆளும் திரும்பவில்லை.

ஹேண்டில்பாரில் மாட்டியிருந்த போனில் நிரஞ்சன் பேசினான்.

"டேய் அறிவு, ஏழு மணி கிளாஸ் கேன்சல். வேளச்சேரில முட்டி அளவு தண்ணியாம், நீச்சல் கிளாஸ்தான் எடுக்கணும். மெஷின் பெல்ட் மாத்தினியே, ஒரு தடவ ஓட்டிப் பாத்துட்டுக் கிளம்பு."

"அண்ணா, ஒரு புள்ளி ஜாஸ்தியா கீது."

"எவனாவது ரெண்டு தடவ ஏத்தியிருப்பான். விடு. எழுபது வளைவும் ஏறி ஹீரோ ஆவாத, புரியுதா?"

ஷூவின் அடிப்பகுதி பெடலில் டக்கென்று பூட்டிக்கொண்டது. அறிவு மிதிக்கத் தொடங்கினான்.

முதல் வளைவு. இரண்டாவது. மஞ்சள் பலகைகளில் எண்கள் ஒவ்வொன்றாக வந்து விலகின. எட்டுப் புள்ளிகள் மேலே நகர்ந்துகொண்டிருந்தன. ஒன்பதாவது நகரவில்லை. மலைச்சரிவின் நடுவில், வழியில் யாரோ தவறவிட்ட பொத்தானைப்போல, ஒரே இடத்தில் இருந்தது. எந்த இடம் என்று பார்க்க அவனுக்கு மனம் வரவில்லை. பார்க்காமலே தெரிந்தது.

இருபத்து மூன்று.

அன்று அவன்தான் கடைசி ஆள். மலை ஏறும் கூட்டத்தில் கடைசி ஆளுக்கு ஒரே ஒரு விதி. அவன் யாரையும் தாண்டிப் போகக் கூடாது. நின்றவனோடு நிற்க வேண்டும், உருட்டுகிறவனோடு உருட்ட வேண்டும். இருபத்து மூன்றாவது வளைவில், பனியும் தூறலும் சேர்ந்து எதிரே எதுவும் தெரியாத நேரத்தில், சக்திவேல் சுவரோரம் உட்கார்ந்துவிட்டான். அறிவின் தெருக்காரன். பகலெல்லாம் சைக்கிளில் சாப்பாடு டெலிவரி செய்கிறவன்.

"மச்சி, கால் புடிச்சிக்கிச்சுடா. ரெண்டு நிமிசம் நில்லு."

"தினம் அம்பது வூட்டுக்கு பிரியாணி தூக்கினு ஓடுற, ஒரு மலைக்குப் படுத்துட்டியா? மெதுவா வா. மேல போய் டீ சொல்றேன்."

சக்திவேல் சிரித்தான். அறிவு போய்விட்டான். குளிர்தான் காரணம். வேறொன்றுமில்லை.

ஒரு மணி நேரம் கழித்தும் சக்திவேல் வராதபோது எல்லோரும் கடைசி ஆளைத்தான் பார்த்தார்கள். விட்டுவிட்டு வந்தேன் என்று எப்படிச் சொல்வது? அவன் என்னைத் தாண்டி முன்னால் போனான் என்றான். எங்கே என்று கேட்டார்கள். வாயில் முதலில் வந்த எண்ணைச் சொன்னான். நாற்பது. அன்றிலிருந்து ஆறு நாட்களாக போலீசும் ஊர்க்காரர்களும் நாற்பதுக்கு மேலே உள்ள காட்டில்தான் தேடுகிறார்கள். அன்று எல்லோரும் இறங்கியபோது இருபத்து மூன்றின் சுவரோரம் யாரும் இல்லை, சுவருக்கு அப்பால் பள்ளம் மட்டும்.

இருபது. இருபத்தொன்று. பெடல் இறுகியது. வியர்வை புருவத்தில் தேங்கிக் கண்ணில் இறங்கியது. அறையின் வாசனை மாறியிருப்பதை அவன் அப்போதுதான் கவனித்தான். ரப்பரும் எண்ணெயும் எங்கோ பின்வாங்கிவிட்டன, அந்த இடத்தில் மழையில் நனைந்த இலைகளின் வாசனை, கசக்கிய மிளகுக்கொடியின் வாசனை, நெடுநேரம் ஈரத்தில் கிடந்த துணியின் வாசனை.

இருபத்து மூன்று. சிவப்பும் பச்சையும் ஒட்டி நின்றன.

போன் அடித்தது. ஷீலா. சக்திவேலின் மனைவி.

"சொல்லு அண்ணி."

"அறிவு, இப்பதான் அந்த இன்ஸ்பெக்டர் பேசுனாரு. நாளியோட நிறுத்திக்கிறாங்களாம்." அழுது அழுது அவள் குரல் மணலைப்போல உலர்ந்திருந்தது. "மேல ஒரு எடம் பாக்கி இல்லியாம். எனுக்குத் தெரியும், அது உசுரோட தான் கீது. ஒரு பாட்டில் தண்ணி இருந்தா ரெண்டு நாள் ஓட்டுற ஆளு அது. நீ நல்லா நெனச்சிப் பாத்து சொல்லு. நாப்பது தானா?"

அறிவு திரையைப் பார்த்தான். ஒட்டி நிற்கும் இரண்டு புள்ளிகள். பின்னால், அறையின் இருட்டான மூலையில், யாரோ பற்கள் கிட்டிக்க மூச்சு விடுவதுபோல ஒரு சத்தம். மழையாக இருக்கலாம்.

"உன் மேல கோவம் இல்லடா," என்றாள் ஷீலா. "மாத்தி சொல்லியிருந்தாக்கூட சொல்லிடு. நான் யாராண்டயும் சொல்ல மாட்டேன். எடத்த மட்டும் சொல்லு."

சொல்லிவிடலாம். இரண்டே சொல். வாயைத் திறந்தான். நிரஞ்சன் முகம் வந்தது. தெரு வந்தது. தெருவே வாசலில் நின்று பார்க்கும் பார்வை வந்தது.

"நாப்பது தான் அண்ணி. என் கண்ணால பாத்தேன்."

அவள் இணைப்பைத் துண்டித்தாள். 

அவன் வேகமாக மிதித்தான். அந்த இடத்தை விட்டு நகர்ந்தால் போதும். இருபத்து நான்கு. சிவப்புப் புள்ளி விலகியது. மூச்சு கொஞ்சம் திரும்பியது. திரையைப் பார்த்தான்.

பச்சைப் புள்ளியும் நகரத் தொடங்கியிருந்தது.

மெதுவாக. கால் பிடித்துக்கொண்டவன் ஏறுவதுபோல. ஒரு மிதி, ஒரு நிறுத்தம். ஒரு மிதி, ஒரு நிறுத்தம். அறைக்குள் அதே தாளத்தில் ஒரு சத்தம் கேட்டது, காய்ந்த செயின் பல்லில் ஏறி இறங்கும் கறக் கறக் என்ற சத்தம். அவனுடைய செயினுக்கு மதியம்தான் எண்ணெய் போட்டிருந்தான்.

அவன் மிதிப்பதை நிறுத்தினான்.

பெடல் நிற்கவில்லை.

கால்களை இழுத்துக்கொண்டு சுற்றியது. குதிகாலை வெளிப்பக்கம் திருகினான். ஷூ கழன்று வர வேண்டும். வரவில்லை. மறுகால். அதுவும் வரவில்லை. நாடாவை அவிழ்க்கக் குனிந்தான். முழங்கால் தாடையில் இடித்தது. நாக்கில் உப்பாக ரத்தம்.

இருபத்தொன்பது. முப்பத்து மூன்று. எந்த மனிதனும் இவ்வளவு சீக்கிரம் ஏற முடியாது.

மெஷின் அதிர்ந்ததில் போன் நழுவித் தரையில் விழுந்தது. கை நீட்டினான். ஒரு சாண் எட்டவில்லை. அதன் வெளிச்சம் அணைந்தது.

முப்பத்தைந்து. கறக் கறக். கிட்டத்தில். பிடரியில் ஈரக்காற்று.

திரும்பிப் பார்க்கக் கூடாது. ஏனென்று தெரியாது. கூடாது.

"இருபத்தி மூணு!" என்று கத்தினான். "அண்ணி, இருபத்தி மூணுதான்! செவுத்தாண்ட! நான்தான் வுட்டுட்டு வந்துட்டேன்!"

கடையில் யாரும் இல்லை. தரையில் கிடந்த போன் கறுப்பாக இருந்தது. கீழே ஒரு பஸ் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போனது.

முப்பத்தெட்டு.

"மச்சி, சொல்லிட்டேன்டா. சொல்லிட்டேன்."

முப்பத்தொன்பது.

நாற்பது.

இரண்டு புள்ளிகளும் ஒன்றாயின. செயின் சத்தம் நின்றது. மழைகூட நின்றதுபோல இருந்தது. பெடலின் இறுக்கம் முழுவதும் போய், கால்கள் பஞ்சில் சுற்றுவதுபோலச் சுற்றின. ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, தப்பித்துவிட்டோம் என்று நினைத்தான்.

பிறகுதான் இடுப்புக்கு மேலே, முதுகின் குழிவில், அது பட்டது. குளிர்ச்சி. அகலம். ஏற்றத்தில் திணறுகிறவனைப் பின்னால் வருகிறவன் இப்படித்தான் உள்ளங்கையை வைத்துத் தள்ளிக்கொண்டு போவான்.

ஓட்டுகிறவர் உட்காரும் விதத்தைப் பார்ப்பதற்காகப் பக்கவாட்டில் ஆளுயரக் கண்ணாடி ஒன்று நின்றது. அறிவின் கண்கள் அங்கே போயின. கண்ணாடியில் அவன் மட்டும்தான் இருந்தான். வாய் திறந்திருந்தது. கால்கள் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் சுற்றின. முதுகில் அவன் சட்டை ஐந்து விரல்களாக உள்ளே அழுந்தியிருந்தது, ஒவ்வொரு விரலின் நுனியிலிருந்தும் செம்மண் கலந்த தண்ணீர் மெல்லிய கோடாக இறங்கிக்கொண்டிருந்தது, இன்னும் அழுந்தியது, இன்னும்.